வாசகர் கேள்வி: வரைபடம் யார் கையில்?

கேள்வி: என் மகள் கொழும்பில் ஆண், பெண் இரு பாலாரும் கற்கும் பாடசாலையொன்றில் தரம் 10 படிக்கிறாள். அண்மையில் கித்துல்கலவில் நடந்த இரண்டு நாள் பாசறைக்குப் போய் வந்தவள், இனிப் போக மாட்டேன் என்கிறாள். வரைபடமும் கயிறும் பையன்களிடம் இருந்தனவாம். பெண் பிள்ளைகளுக்குச் சமையலும் முதலுதவிப் பெட்டியும். பொறுப்பாசிரியரைக் கேட்டதற்கு, "பாதுகாப்புக்காகத்தான், அம்மா; உங்கள் மகளும் பாதி வழியிலேயே களைத்துப்போனாள்" என்றார். இதெல்லாம் அவளுக்கு ஒத்துவராதோ?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: ஒத்துவராது என்று முடிவுகட்டுமுன், அவள் ஏன் களைத்தாள் என்று கேட்டுப் பாருங்கள். காட்டு வழியில் ஒதுங்க இடமிராது என்று பயந்து, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் நடக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. மாதவிடாய் நாளென்றால் சொல்லவே வேண்டியதில்லை. கித்துல்கலப் புழுக்கத்தில் தண்ணீரின்றி இரண்டு மணி நேரம் ஏறினால் பையன்களுக்கும் தலை சுற்றும். மற்றது முதுகுப்பை. நீண்ட முதுகுக்கென்று தைத்த பையை அவள் மாட்டினால், இடுப்புப்பட்டி இடுப்பெலும்புக்குக் கீழே நழுவ, பாரம் முழுவதும் தோளில் விழும். இவை ஒழுங்குசெய்தவர்கள் கவனித்திருக்க வேண்டியவை. களைப்பு மட்டும் பெண் பிள்ளையின் கணக்கில் எழுதப்படுகிறது.

பாசறை, நடைப்பயணம் என்று வெளியில் கூட்டிப்போய்க் கற்பிக்கும் இந்தக் கல்விமுறை ஆண் பிள்ளைகளை மனத்தில் வைத்தே பிறந்தது. அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிக்களப் பயிற்சிப் பள்ளி 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் இளம் கடலோடிகளுக்காகத் தொடங்கப்பட்டது. இளையோருக்கான எடின்பரோ கோமகன் விருதுத் திட்டம் 1956இல் பையன்களுக்கென்றே ஆரம்பித்து, 1958இல்தான் பெண்களுக்கு வழிவிட்டது. பெண்களைச் சேர்த்துக்கொண்டபோதும் வேலைப் பங்கீடு பல இடங்களில் பழையபடியே இருந்துவிட்டது. பெண்களால் முடியாது என்பதல்ல காரணம்: எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால என்ற பெண். 2016 மே 21இல் ஏறினார். உடன் சென்ற யொஹான் பீரிஸ் சில நூறு மீற்றர் கீழே திரும்பி, 2018இல் ஏறி முடித்தார். (ஆண் என்பதால்தான் திரும்பினார் என்று எவரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.)

உங்கள் ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். முடிச்சுப் போடத் தெரிந்தவனிடம் கயிற்றைக் கொடுத்தால் நேரம் மிச்சம். ஆனால் அவனுக்குத் தெரிந்ததே, போன பாசறையிலும் கயிறு அவன் கையில் இருந்ததால்தான். பாதுகாப்பு என்ற வாதமும் இங்கேதான் தடுமாறுகிறது: வரைபடம் பிடித்தவன் கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டால், அதைப் படிக்கப் பழகாத மற்றவர்களை யார் கூட்டிவருவது?

ஆகவே ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாமல், அடுத்த பாசறையில் வரைபடம், கயிறு, அடுப்பு மூன்றும் வேளைக்கு வேளை கைமாறும்படி முறை போடச் சொல்லுங்கள். பையன்களும் சோறு வடிக்கப் பழகட்டும். வழியில் எங்கெங்கே ஒதுங்கலாம் என்பதைப் புறப்படுமுன்பே ஓர் ஆசிரியை பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். பையை இன்றைக்கே வீட்டில் மாட்டிப் பாருங்கள். பட்டி இடுப்பெலும்பின் மேல் உட்காராவிட்டால், அவள் முதுகுக்கு அளவான பையொன்றை யாரிடமாவது இரவல் வாங்கிக் கொடுங்கள்.