தூக்கினால் பழகிவிடுமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் மகளுக்கு ஏழு மாதம். மிக்சி ஓடினால் அழுகை, பக்கத்து வீட்டு அக்கா தூக்கினால் அழுகை. ஆரம்பித்தால் லேசில் அடங்குவதில்லை. "அப்படியே அவ அப்பன், ரத்தத்திலேயே இருக்கு" என்கிறார் மாமியார். "தூக்கித் தூக்கிக் கைக்குப் பழக்கிட்டே" என்கிறார் என் அம்மா. அழும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூக்குகிறேன், ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறவியிலேயே வந்தது என்றால் நான் செய்வதெல்லாம் வீண்தானா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வீண் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போகாததை விடுங்கள். ஏழெட்டு மாதத்தில் பல குழந்தைகளும் அப்படித்தான். ஆள் தெரியத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

மாமியார் சொல்வதிலும் உண்மை உண்டு. சட்டென்று பதறும் இயல்பில் மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் கேத்தி ப்ராப்பர் குழுவினர் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. ஒரே குழந்தைகளை 3, 6, 12 மாதங்களில் பார்த்தார்கள். அம்மாவைச் சற்றுப் பிரித்து, குழந்தையின் இதயத் துடிப்பு எப்படி மாறுகிறது என்று கவனித்தார்கள். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு ஒரு பிரேக் மாதிரி. சிரமம் வரும்போது அது கொஞ்சம் தளர வேண்டும், அப்போதுதான் உடம்பு சமாளிக்கத் தயாராகும். சிரமம் போனதும் மறுபடி பிடிக்க வேண்டும்.

மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் தொடர்பான ஒரு மரபணுவின் குறிப்பிட்ட வடிவம் இருந்த குழந்தைகளிடம், 3 மாதத்திலும் 6 மாதத்திலும் இந்த பிரேக் சரியாக வேலை செய்யவில்லை. அம்மா எவ்வளவு கவனித்துப் பார்த்துக்கொண்டாலும் அப்படித்தான். ஆனால் 12 மாதத்தில், குழந்தையின் குறிப்பறிந்து நடந்த அம்மாக்களின் பிள்ளைகளிடம், அதே மரபணு இருந்தும், பிரேக் ஒழுங்காக வேலை செய்தது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது இந்த இடம்தான். ஆறு மாதம் வரை வெளியே ஒன்றுமே தெரியவில்லை. நீங்கள் இப்போது ஏழாவது மாதத்தில் நிற்கிறீர்கள். ஒரே ஒரு மரபணுவை வைத்துச் செய்த ஓர் ஆய்வுதான், அதிலிருந்து உங்கள் மகளுக்கு ஜாதகம் கணிக்க முடியாது. ஆனால் இன்று பலன் தெரியவில்லை என்பதற்காகப் பலனே இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

எலிகளில் இதை இன்னும் நெருங்கிப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியாலில் மைக்கேல் மீனியும் மோஷே ஸீஃபும் இருந்த குழு 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தாய் எலி நிறைய நக்கி வருடிய குட்டிகளுக்கு, மன அழுத்த ஹார்மோனைக் கட்டுக்குள் வைக்க உதவும் ஒரு மரபணு மூளையில் நன்றாக வேலை செய்தது. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியை, நிறைய நக்கும் தாயிடம் மாற்றி விட்டால் அதுவும் அப்படியே ஆனது. மரபணுவின் எழுத்து மாறவில்லை, அதை அடக்கி வைத்திருந்த வேதிக் குறிகள்தான் குறைந்திருந்தன. மனிதக் குழந்தைக்கு இதை அப்படியே பொருத்திச் சொல்லக் கூடாது. ஆனாலும் ரத்தத்தில் வந்தது மாறாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குட்டிகள்தான் ஞாபகம் வரும்.

என் மகளும் குக்கர் விசிலுக்கு நடுங்கியவள். தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடப்பேன். பனியனின் கழுத்தைச் சுருட்டிப் பிடித்திருக்கும் அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்வதைக் கழுத்தில் உணர முடியும். அப்புறம் ஒரு நீண்ட பெருமூச்சு. மறுநாள் விசில் அடித்தால் பழையபடி அழுகைதான். அடங்கக் கற்றுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அதனால் அம்மாவிடம் சொல்லுங்கள், கைக்குப் பழகட்டும். ஏழு மாதக் குழந்தையால் தானாக எளிதில் அடங்க முடியாது, பெரும்பாலும் உங்கள் உடம்பை வைத்துத்தான் அடங்குகிறது. பால் குடிக்க மறுத்தாலோ எடை ஏறாவிட்டாலோ மட்டும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ஓடிப்போய்த் தூக்குவது எப்போதும் நீங்கள் மட்டும்தானா? இரவில் ஒரு முறையாவது அவள் அப்பா எழுந்து தூக்கட்டும். அவரும் அப்படி அழுத பிள்ளைதானே, அவளைப் புரிந்துகொள்வார். அந்த நேரம் நீங்கள் தூங்குங்கள்.