ரன்னுக்கு பத்து லட்சம்

கேள்வி: சின்ன வயசுல இருந்து கிரிக்கெட் பைத்தியம் சார் நான். இப்போ ஐபிஎல் பாத்தாலே வெறுப்பா இருக்கு, எல்லாமே காசு. எனக்கு வயசாயிடுச்சா, இல்ல விளையாட்டே கெட்டுப்போச்சா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வயசும் ஆயிருக்கும், அதை விடுங்க. காசு வந்ததாலதான் கெட்டுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். 1983ல உலகக் கோப்பைய தூக்கிட்டு வந்தவங்களுக்குப் பரிசு கொடுக்க போர்டுகிட்ட பணமே இல்ல, லதா மங்கேஷ்கர் டெல்லில கச்சேரி பாடி வசூல் பண்ணித்தான் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தாங்க. அந்த நெலமை மறுபடி வரணுமா? நம்ம சின்னப்பம்பட்டி பௌலர் நடராஜன 2017 ஐபிஎல் ஏலத்துல பஞ்சாப் டீம் 3 கோடிக்கு எடுத்தப்போ, ரோட்டோரம் கோழிக்கறி வித்துட்டிருந்த அவரோட அம்மாவ நெனச்சு சந்தோஷப்பட்ட ஆளு நான். ஆடுறவன் சம்பாதிக்கட்டும்யா.

எனக்குக் கசக்குறது நம்ம பேச்சு. 1975ல சேப்பாக்கத்துல வெஸ்ட் இண்டீஸ் பௌலிங்க விஸ்வநாத் தனியா நின்னு சமாளிச்சு 97 நாட் அவுட் அடிச்சத இன்னிக்கும் ஷாட் ஷாட்டா சொல்ற பெருசுங்க இருக்காங்க, அன்னிக்கு அவருக்கு மேட்ச் ஃபீஸ் எவ்ளோன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பாங்க. நாம என்ன பண்றோம்? ஏலத்துல டீமோட பர்ஸ்ல எவ்ளோ மிச்சம், இவன ரிலீஸ் பண்ணா எத்தனை கோடி வரும்னு டீக்கடைல நின்னு ஆடிட்டர் மாதிரி பேசிட்டு இருக்கோம். ரிஷப் பண்ட்ட லக்னோ 27 கோடிக்கு எடுத்துச்சு, 2025 சீசன்ல அவரு அடிச்சது 269 ரன், உடனே ஒரு ரன்னுக்கு பத்து லட்சம்னு கணக்குப் போட்டு மீம் (பொய் சொல்லக்கூடாது, நானும் நாலு பேருக்கு ஃபார்வேர்ட் பண்ணேன்). அந்த 269ல 118 கடைசி மேட்ச்ல ஆர்சிபிய வெளுத்து அடிச்சது, செஞ்சுரி போட்டதும் மைதானத்துலயே குட்டிக்கரணம் வேற அடிச்சாரு. அந்த இன்னிங்ஸ்ல ஒரு ஷாட் சொல்லுங்க பாப்போம்? எனக்கே வரல.

இன்னொன்னும் இருக்கு. அதே 2025ல சேப்பாக்கத்துல சிஎஸ்கே மேட்சுக்கு ஆகக் கொறஞ்ச டிக்கெட்டே 1,700 ரூபா. ஒரு கொத்தனாரு பையன கூட்டிட்டுப் போனா மூணு நாள் கூலி காலி. அஞ்சு வருஷ டிவி, ஆன்லைன் உரிமைய 48,390 கோடிக்கு வித்துட்டாங்க, அப்புறமும் ஒரு ஓரமா நூறு ரூபா கேலரி வச்சா குடியா முழுகிடும்?

கேள்வி: பையனுக்கு 9 வயசு. 13 வயசு வைபவ் சூர்யவன்ஷிய 1.10 கோடிக்கு ஏலம் எடுத்ததுல இருந்து, அகாடமில சேக்கணும்னு வீட்டுக்காரர் லோன் போடப் பாக்குறாரு. என்ன பண்ணலாம்?
- வாசகி, ஈரோடு

பதில்: லோன் வேண்டாம்மா. மொத்தம் 10 டீம், ஒரு டீம்ல அதிகபட்சம் 25 பேரு, அதுல வெளிநாட்டுக்காரங்க 8 பேரு வரைக்கும் இருக்கலாம். முழுசா எடுத்துட்டாங்கன்னா மிச்சம் 170 எடம், இந்தியா முழுக்க. இந்தக் கணக்க வீட்டுக்காரர்கிட்ட காட்டுங்க. பையனுக்கு கிரிக்கெட் பிடிக்குமான்னு நீங்க லெட்டர்ல எங்கயுமே எழுதலயே, மொதல்ல அவன்கிட்ட கேளுங்க. பிடிக்கும்னா ஒரு பேட்டும் டென்னிஸ் பாலும் வாங்கிக் கொடுத்து சாயங்காலம் தெருவுல விடுங்க, நடராஜனும் டென்னிஸ் பால்லதான் ஆரம்பிச்சாரு.