தொதல் கிண்டும் வீட்டுக்கு எந்த விறகடுப்பு?

கேள்வி: எங்களுக்குக் கீழக்கரை. வீட்டிலேயே தொதல் என்ற தேங்காய்ப்பால் இனிப்பைக் கிண்டி விற்கிறேன். வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு சட்டிக்கும் 4 மணி நேரம் அடுப்பு எரியும். மூன்று கல் வைத்த அடுப்பு, சீமைக் கருவேல விறகு. மாடியில் துணி காயப்போட முடியவில்லை என்று பக்கத்து வீட்டோடு தகராறு. உம்மாவுக்கும் இருமல் விட்டபாடில்லை. லண்டனில் இருக்கும் தம்பி, 'ஈகோடிசைன்' முத்திரை போட்ட விறகடுப்பின் படத்தை அனுப்பி, இதுதான் புகைச் சட்டத்துக்கு உட்பட்டது, வாங்கித் தருகிறேன் என்கிறான். ராமநாதபுரத்தில் கடைக்காரரோ ஃபேன் வைத்த அடுப்பைக் காட்டி, அரசு அங்கீகாரம் பெற்றது, புகையே வராது என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பியின் பாசத்தைக் குறை சொல்லவில்லை, சகோதரி. ஆனால் அவர் அனுப்பிய அடுப்பில் தொதல் கிண்ட முடியாது. அது சமையலடுப்பே இல்லை. குளிர்கால வீட்டைச் சூடாக்கும் கணப்பு. கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டிக்குள் கட்டை எரியும், சூடு அறைக்குள் பரவும். சித்திரை மாதத்துக் கீழக்கரையில் அதைப் பற்றவைத்தால் வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். 1952-இல் லண்டனைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1956-இல் அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் என்ற ஏற்பாடு அதிலிருந்து பிறந்தது. 2022 ஜனவரி 1 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் கணப்புகள் ஈகோடிசைன் அளவுக்குள் இருக்க வேண்டும். புகைபோக்கி வழியே போகும் காற்றில் ஒரு கனமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் தூசு என்பது அந்த அளவு. பாத்திரத்துக்குள் எவ்வளவு சூடு போனது என்று அது கேட்பதே இல்லை.

நம் நாட்டு அளவுகோல் பாத்திரத்திலிருந்துதான் தொடங்குகிறது. எடுத்துவைக்கும் விறகடுப்புகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13152, முதல் பகுதி, 2013. அடுப்புகளை அது இரண்டு வகையாகப் பிரிக்கிறது. தானாகக் காற்றை இழுக்கும் அடுப்பு, விறகின் வெப்பத்தில் குறைந்தது 25 சதவீதத்தைப் பாத்திரத்துக்குள் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ந்த ஒவ்வொரு மெகாஜூல் வெப்பத்துக்கும் 350 மில்லிகிராமுக்கு மேல் புகைத்தூசு வரக் கூடாது. ஃபேன் வைத்த அடுப்புக்கு 35 சதவீதம், 150 மில்லிகிராம். கார்பன் மோனாக்சைடு இரண்டுக்குமே 5 கிராம். மெகாஜூல் என்றதும் பயப்பட வேண்டாம். ஏறக்குறைய மூன்றரை லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம், அவ்வளவுதான். உங்கள் மூன்று கல் அடுப்பு பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம்தான் தேறும். 25 சதவீத அடுப்புக்கு மாறினால் விறகு பாதியாகும். புகைத் தகராறை விட்டுவிட்டாலும் அந்தக் காசு மிச்சம்.

இனி கடைக்காரர் சொன்ன 'அரசு அங்கீகாரம்'. மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் பரிசோதனையில் தேறிய மாடல்களை அங்கீகரித்ததுண்டு. அந்த அங்கீகாரம் ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு மட்டுமே. கம்பெனி செய்யும் எல்லா அடுப்புக்கும் சேர்த்துக் கொடுத்ததாகாது. ஆகவே மாடல் பெயர் போட்ட பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதில் மேலே சொன்ன மூன்று எண்களும் இருக்கும். குடும்ப அளவா, சமுதாயக்கூட அளவா என்பதையும் பாருங்கள். அஞ்சாறு பேருக்குச் சோறு பொங்கும் அடுப்பு வாங்கிய சான்றிதழ் உங்கள் தொதல் வாணலிக்குப் பொருந்தாது. தாளைக் காட்டாமல் 'அதெல்லாம் இருக்கும்மா' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தாள் இருந்தாலுமே ஃபேன் அடுப்பை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அது மட்டமான அடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சின்னக் குடும்பத்துக்கு உலை வைக்க, டீ போட அதைப்போல் புகை குறைந்த விறகடுப்பு கிடையாது. ஆனால் தொதலின் குணமே வேறு. முதலில் தேங்காய்ப்பால் கொதிக்கப் பெருந்தீ வேண்டும். பிறகு மணிக்கணக்காக ஒரே சீரான சிறுதீ. எண்ணெய் பிரிந்து இறுகும் நேரத்தில் இரண்டு கையாலும் துடுப்பை அழுத்தித் தள்ளுகிறீர்கள். தரையில் சும்மா நிற்கும் அடுப்பு அந்த அழுத்தத்தில் ஆடும், சாயும். கொதிக்கும் தொதல் மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு தோலோடு வரும். புகையை விட எனக்கு இதுதான் முதல் கவலை. அடுத்து, ஃபேன் அடுப்புகள் பலவற்றில் விறகை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி மேலிருந்து நிரப்ப வேண்டும். பாதியில் தீர்ந்தால் வாணலியை இறக்கியாக வேண்டும். கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடிக்குமே, யார் இறக்குவது? கடைசியாக உப்புக்காற்று. கடற்கரை ஊரில் ஃபேன் மோட்டாரின் இணைப்புகள் பச்சை பூத்துப்போகும். ஃபேன் நின்ற அந்த அடுப்பு, சாதாரண அடுப்பை விட அதிகமாகப் புகையும்.

ஆக, வாங்க வேண்டாம், கட்டுங்கள். வாணலி அளவுக்குக் கட்டிய, கிராதியும் புகைபோக்கியும் வைத்த நிலையடுப்பு. கொத்தனாரிடம் இவற்றைச் சொல்லுங்கள். விறகு தரையில் கிடக்காமல் வார்ப்பிரும்புக் கிராதி மேல் கிடக்க வேண்டும்; காற்று அடியிலிருந்து ஏற, சாம்பல் கீழே விழ. விறகு நுழையும் வாயும் புகை வெளியேறும் வழியும் ஏறத்தாழ ஒரே பரப்பளவில் இருக்க வேண்டும். வாயைப் பெரிதாக வைத்துவிட்டால் குளிர்காற்று புகுந்து தீயை அணைக்கும், புகை முகத்துக்குத் திரும்பும். வாணலிக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி போதும், சூடு பக்கங்களைத் தழுவிக்கொண்டு போகும். தீ எரியும் அறையைக் கருங்கல்லால் கட்ட விடாதீர்கள். கருங்கல் முதல் ஒரு மணி நேரச் சூட்டைத் தானே குடித்துவிடும். உள்பக்கம் செங்கல், அதற்கும் வெளிச்சுவருக்கும் இடையில் நெல்லுமிச் சாம்பலை நிரப்பினால் சூடு உள்ளேயே நிற்கும். புகையில் இருக்கும் எரியாத வாயுவும் அங்கேயே எரிந்துபோகும்.

புகைபோக்கியில் ஒரு ஏமாற்று உண்டு. அது புகையைக் குறைப்பதில்லை, இடம் மாற்றுகிறது. உங்கள் உம்மாவின் நெஞ்சிலிருந்து எடுத்துப் பக்கத்து வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஏற்கனவே தகராறில் இருக்கிறீர்கள், குட்டையான புகைபோக்கி வைத்தால் அது இன்னும் முற்றும். உங்கள் கூரையின் உச்சிக்கு மேல் 2 அடியாவது வேண்டும். அடுத்த வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவர் அதை விட உயரம் என்றால் அதையும் தாண்ட வேண்டும். துத்தநாகம் பூசிய தகரக் குழாய் இங்கே சில வருடங்களில் ஓட்டை விழும். எவர்சில்வர் குழாய், அல்லது சுடுமண் குழாய் வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம். உச்சியில் மழைத்தொப்பி, அடியில் கரி வழிக்க ஒரு மூடி. மாதம் ஒருமுறை வழித்துவிடுங்கள்.

எந்நேரம் பற்றவைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சுபுஹு தொழுகை முடிந்த கையோடு என்றால், தகராறுக்குப் பாதிக் காரணம் அதுதான். விடியலில் காற்று அசையாது, புகை தெருவிலேயே படுத்துக் கிடக்கும். வெயில் ஏறிக் கடற்காற்று எழும்பும்போது அதே புகை கலைந்துவிடும். கீழக்கரைக்குக் கடல் தெற்கே இருப்பதால் பகல் கடற்காற்று வடக்கு நோக்கித்தான் தள்ளும். துணி காயும் மாடி உங்களுக்கு வடக்கே இருந்தால், எந்த நாள் அடுப்பு எரியும் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கச்சான் காற்றும் வாடைக் காற்றும் திசை மாற்றும் மாதங்களை வீட்டிலுள்ள பெரியவர்கள் என்னை விட நன்றாகச் சொல்வார்கள்.

இவ்வளவு கட்டிய பிறகும், நனைந்த விறகைத் திணித்தால் எல்லாம் வீண். பரிசோதனைக்கூடத்தில் அடுப்பு அந்த எண்ணைப் பெறுவது நன்றாகக் காய்ந்த, அளவாக வெட்டிய விறகில். நம் ஊரில் டிராக்டரில் வந்து இறங்குவது நேற்று வெட்டிய கருவேலம். அதில் நிறையத் தண்ணீர் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் ஆவியாவதற்குத் தீயிலிருந்தே சூட்டை எடுத்துக்கொள்கிறது, தீ குளிர்கிறது, எரிய வேண்டிய வாயு எரியாமல் வெள்ளைப் புகையாகப் போகிறது. சீமைக் கருவேலத்தை ஊரே திட்டுகிறது, நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று வழக்குகூட நடந்தது. ஆனால் விறகாகப் பார்த்தால் அது தங்கம்: கனமான கட்டை, நின்று எரியும், தணல் நீடிக்கும். காயவிட வேண்டும், அவ்வளவுதான்.

மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையிலிருந்து அரையடி உயரத்தில் அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். ஒரு கட்டையை அடையாளம் வைத்து வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கணீரென்று கேட்கும். எரியும்போது முனையில் நுரை தள்ளினால் இன்னும் பச்சை. ஐப்பசி மழைக்கு முன்னால் 3 மாத விறகை உலர்த்தி உள்ளே ஏற்றிவிட்டால் மார்கழி வரை கவலையில்லை.

கரையில் ஓசியில் கிடைக்கிறதென்று பழைய வள்ளத்துப் பலகையை எரிக்காதீர்கள். பெயின்ட், ஃபைபர், ஊறிய உப்பு எல்லாம் சேர்ந்து நச்சுப்புகை வரும், எவர்சில்வர் குழாயையும் அரித்துவிடும். நைலான் வலைத்துண்டு, மீன்பெட்டித் தெர்மோகோல், கேரிபேக் எதையும் பற்றவைக்கப் பயன்படுத்தக் கூடாது. காய்ந்த பனையோலையும் சிரட்டையும் இருக்கும் ஊரில் அவை எதற்கு?

கடைசி ஒரு மணி நேரம் தணலில் கிண்டுவீர்கள், அப்போது புகையே கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் கதவு ஜன்னலை மூடாதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்றுதான் தெரியவரும். கையில் வசதி இருந்தால் அந்தக் கடைசிப் பகுதியைக் கேஸுக்கு மாற்றலாம். வியாபாரத்துக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர். வீட்டுச் சிலிண்டரை இதற்கு எடுக்கக் கூடாது. பெருந்தீக்கு விறகு, சிறுதீக்குக் கேஸ் என்று பிரித்தால் விறகடுப்பு அதிகம் புகையும் நேரங்களில் ஒன்று போய்விடும், ஏனென்றால் அது புகைவது பெரும்பாலும் பற்றவைக்கும்போதும் தீயை அடக்கும்போதும்தான். உம்மா பற்றவைக்கும் நேரத்தில் அடுப்பங்கரைப் பக்கம் வர வேண்டாம். இருமல் இத்தனை நாள் நீடித்தால் அடுப்பு மாறும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தம்பி புகைச் சட்டம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். லண்டனைப்போல் வீட்டு அடுப்புப் புகைக்கு அபராதம் விதிக்கும் பகுதிகள் இங்கே இல்லை. ஆனால் தொழிலின் புகை அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று புகார் போனால், பொதுத்தொல்லையை நீக்கச் சொல்லி நிர்வாக நடுவர் உத்தரவிட இடமுண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152. அந்த வாசல்வரை போவதற்குள் புகைபோக்கியை ஏற்றிவிடலாம்.

கட்டி முடித்து பற்றவைத்துக் கால்மணி நேரம் கழித்துத் தெருவில் நின்று புகைபோக்கியைப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அளவுதான் இருக்க வேண்டும். வெள்ளையாக வந்தால் விறகு ஈரம். கறுப்பாக வந்தால் ஒரே நேரத்தில் அதிகம் திணித்திருக்கிறீர்கள், இரண்டு கட்டையை வெளியே இழுங்கள். கொத்தனார் வரும் நாளில் வாணலியைக் கழுவிப் பக்கத்திலேயே வைத்திருங்கள். டேப்பில் எடுத்த அளவை நம்பாமல், செங்கல் ஈரம் காயும் முன்பே வாணலியை ஒருமுறை இறக்கி, சுற்றிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு மேலே கட்டச் சொல்லுங்கள்.