குண்டு எறியும் மகள் – கடிதம்

அன்புள்ள சார்,

நியூசிலாந்தின் குண்டு எறிதல் வீராங்கனை வேலரி ஆடம்ஸ் பற்றி நீங்கள் எழுதியதை என் பெரிய மகள் படித்துக் காட்டினாள். நான் காசிமேட்டில் மீன் எடுத்துப் புது வண்ணாரப்பேட்டையில் விற்கிறேன். சின்னவள் பதினொன்றாவது படிக்கிறாள். இரண்டு வருஷமாகக் குண்டு எறிகிறாள். போன தடவை மாவட்டப் போட்டியில் நாலாவதாக வந்தாள். பக்கத்து ஜிம் மாஸ்டர் ஒரு பவுடர் தருகிறேன், மூன்றே மாதத்தில் இரண்டு மீட்டர் கூடும் என்கிறார். சொந்தக்காரர்களோ பொம்பளைப் பிள்ளைக்கு இந்த விளையாட்டே வேண்டாம், உடம்பு முரடாகிவிடும் என்கிறார்கள். ஆடம்ஸுக்கு லண்டனில் கிடைத்த தங்கம்கூட இன்னொருத்தி ஊக்கமருந்தில் மாட்டிக்கொண்டதால் வந்ததுதானே என்று என் தம்பி கேட்கிறான். நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தப் பவுடர். தயவுசெய்து கொடுக்காதீர்கள். மூன்று மாதத்தில் இரண்டு மீட்டர் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அதில் ஸ்டீராய்டு, அதாவது தசையைச் செயற்கையாகப் பெருக்கும் மருந்து, கலந்திருக்குமோ என்று சந்தேகப்படத்தான் வேண்டும். வளரும் பெண்ணுக்கு அது மாதவிடாயைக் குலைக்கும், குரல் தடித்துப்போகும். மருந்தை நிறுத்திய பிறகும் குரல் பழையபடி திரும்பாமல் போகலாம். உங்கள் சொந்தக்காரர்கள் பயப்பட வேண்டியது அந்த டப்பாவைப் பார்த்து. முட்டை, வேர்க்கடலை, விற்றது போக உங்கள் கூடையில் மிஞ்சும் நெத்திலி, சங்கரா, இவை அவளுக்குப் போதும்.

தம்பியின் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெலாரஸின் நட்சேயா ஒஸ்டாப்சுக் 21.36 மீட்டர் எறிந்தார். நியூசிலாந்தின் ஆடம்ஸ் 20.70. சோதனையில் ஒஸ்டாப்சுக்கின் உடலில் மெட்டனொலோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது தெரிந்து, சில நாளிலேயே தங்கத்தைப் பறித்தார்கள். அவருக்குத் தெரியாமல் நான்தான் சாப்பாட்டில் கலந்தேன் என்று பிறகு பயிற்சியாளர் ஒப்புக்கொண்டார். அதனால் தடைக்காலம் குறைந்ததே தவிர, பதக்கம் திரும்பக் கிடைக்கவில்லை. யார் கொடுத்திருந்தாலும் உடம்பில் இருப்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் விளையாடியவர்தான். நாளைக்கு உங்கள் மகளுக்காக ஜிம் மாஸ்டர் வந்து நிற்கமாட்டார்.

அந்தத் தங்கம் முழுக்க முழுக்க ஆடம்ஸுக்குச் சேர வேண்டியது. லண்டன் மேடையில் கீதம் ஒலிக்க ஏறி நின்றிருக்க வேண்டியவர், வெள்ளியோடு இறங்கி, செப்டம்பரில் ஆக்லாந்தில் தங்கத்தை வாங்கினார். பறிபோன அந்த நிமிஷத்தை யாராலும் ஈடுகட்ட முடியாது. தம்பியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. குண்டு எறியும் மன்பிரீத் கவுர் 2017ல் ஊக்கமருந்து சோதனையில் சிக்கி, நான்கு ஆண்டுத் தடையையும் ஆசியத் தடகளப் போட்டித் தங்கத்தின் இழப்பையும் சந்தித்தார். திரும்பி வந்து 2022ல் நம் சென்னையில்தான் 18.06 மீட்டர் எறிந்து தேசிய சாதனை படைத்தார். நடுவில் போன வருஷங்கள் போனவைதான்.

இரண்டு வருஷத்தில் ஒன்றும் வரவில்லை என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. குண்டு எறிதல் நிதானமாகக் கனியும் விளையாட்டு அம்மா. ஆடம்ஸ் பயிற்சி தொடங்கியது பதின்வயதில். 2000ல், அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, அம்மா புற்றுநோயில் இறந்தார். அடுத்த ஆண்டே இளையோர் உலகப் பட்டம் வென்றார். ஆனாலும் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லை. 2007 ஒசாகா உலகப் போட்டியில் கடைசி எறியில் 20.54 போட்டு, ஒஸ்டாப்சுக்கை ஆறே சென்டிமீட்டரில் முந்தினார். அடுத்த ஆண்டு பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம். அவருடைய வாழ்நாள் தூரமான 21.24 வந்தது 2011ல், 26 வயதில். அதையொட்டிய வருஷங்களில் தொடர்ந்து 56 போட்டிகளில் தோற்கவே இல்லை. 2016 ரியோவில் முன்னிலையில் இருந்தவரை அமெரிக்காவின் மிஷெல் கார்ட்டர் கடைசி எறியில் தாண்டிவிட, வெள்ளிதான் கிடைத்தது. அப்புறம் இரண்டு குழந்தைகள். 36 வயதில் டோக்கியோவில் 19.62 எறிந்து வெண்கலம். அவருடைய பதக்கங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த வெண்கலம்தான்.

தூரம் கையால் கூடுவதில்லை, காலால் கூடுகிறது. குண்டு உள்ளங்கையில் படாமல் விரல்களின் அடியில் உட்கார்ந்து, தாடைக்குக் கீழே கழுத்தில் அழுந்தியிருக்க வேண்டும். எறியும் திசைக்கு முதுகைக் காட்டி, வலது முழங்காலை மடக்கித் தாழ்ந்து, இடது காலைப் பின்னால் உதைத்துச் சறுக்க வேண்டும். பிறகு இடுப்பு திரும்பும், மார்பு திரும்பும், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கை. ஆடம்ஸ் எறிந்தது இந்த முறையில்தான். இவ்வளவும் 2.135 மீட்டர் வட்டத்துக்குள் முடிய வேண்டும்.

நம் பக்கத்து மைதானங்களில் கால்பந்தும் கிரிக்கெட்டும் போக மிஞ்சிய மூலையில், சுண்ணாம்புக் கோட்டில் வட்டம் போட்டு எறிகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முன்னால் காலைத் தடுத்து நிறுத்தும் பலகை இருக்காது. கோட்டைத் தாண்டினால் ஃபவுல் என்று பயந்து, கடைசி உந்தலின்போது காலைச் சுருக்கிக்கொள்வார்கள். தூரம் அங்கேயே போய்விடும். உங்கள் மகளும் அப்படித்தான் எறிகிறாளா என்று பாருங்கள். பி.டி. டீச்சரிடம் அளவு கேட்டு, தெரிந்த ஆசாரியிடம் சொன்னால் மரத்தில் ஒரு பலகை செய்து தருவார். பவுடர் காசை விடக் குறைவாகத்தான் ஆகும். அடுத்த மாவட்டப் போட்டி முடிந்ததும் எத்தனை மீட்டர் என்று பெரியவளிடம் சொல்லி எனக்கு எழுதுங்கள்.