முதலில் உள்துணியைக் காட்டுங்கள்: ஜெர்மன் போர்க்கால கோட்டுகள் பற்றிய கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் ராணுவ கோட்டுகள், அவற்றின் சின்னங்கள் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கம்பளித் துணி ஆலையில் வேலை பார்த்தவன் நான். அதனால் துணி, தையல் பற்றிக் கேட்டால் நீளமாகவே பதில் வரும்.

கோவை: அண்ணா, ஒருவர் ஜெர்மன் ராணுவ ஓவர்கோட்டு விற்கிறார். இரண்டு வரிசை பட்டன், வலது மார்பில் கழுகுச் சின்னம். வாங்கலாமா?

வாங்க வேண்டாம் தம்பி. தரைப்படையின் ஓவர்கோட்டில் மார்புக் கழுகே கிடையாது. வரிசைக்கு ஆறு பட்டனாக இரண்டு வரிசை, தோள்பட்டி, கீழ்நிலைப் பதவி இருந்தால் கையில் அதற்கான சின்னம், அவ்வளவுதான். கழுகு இருந்தது உள்ளே போடும் ‘ஃபெல்ட்புளூஸ’ என்கிற சட்டைக் கோட்டில், வலது மார்புப் பைக்கு மேலே. நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். அமைப்புக்குச் சொந்தமான போர்ப் படை வாஃபன் எஸ்.எஸ். அதன் ஆட்களுக்குக் கழுகு இடது மேற்கையில் இருந்தது. ஆக, நீங்கள் பார்த்த கழுகைப் பிற்பாடு யாரோ தைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோட்டே போர்க்காலத்தைச் சேர்ந்ததாக இல்லாமல் இருக்கலாம். கிழக்கு ஜெர்மனி 1956-இல் தன் ராணுவத்தைத் தொடங்கியபோது அதை ஒத்த சாம்பல் நிறத்தில், பழைய வெட்டை ஒட்டியே உடுப்பு தைத்தது. அந்த நாடு இல்லாமல் போனதும் அவை மலிவாகச் சந்தைக்கு வந்தன. பட்டனை மாற்றி, கழுகைச் சேர்த்து, பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

உள்துணியில் முத்திரையைத் தேடுங்கள். ஐந்து எண்கள் இருந்தால் அவை அளவுகள். பக்கத்தில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ‘இ 41’ என்றால் எர்ஃபுர்ட் கிடங்கு, 1941. ‘பி’ பெர்லின், ‘எம்’ மியூனிக், ‘எச்’ ஹனோவர். போரின் பின்பாதியில் தயாரிப்பாளர் பெயர் மறைந்து, அந்த இடத்தில் நீளமான ஒரு தொழிற்சாலைக் குறியீட்டு எண் வந்துவிடும். முத்திரையையும் போலியாக அடிக்கிறார்கள். பழைய மை நூலுக்குள் இறங்கி, துணி தேய்ந்த இடத்தில் தானும் தேய்ந்திருக்கும். புது மை தேய்ந்த நூலின் மேலேயே கறுப்பாக உட்கார்ந்திருக்கும்.

டொராண்டோ: முத்திரை அழிந்துவிட்டால் சட்டைக் கோட்டின் வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. வெட்டிலேயே தெரியும். 1936 மாதிரியில் காலர் கரும்பச்சை, நான்கு பைகளிலும் மடிப்பு, முன்னால் ஐந்து பட்டன். 1940-இல் காலரும் உடம்புத் துணியின் சாம்பல் நிறத்துக்கு மாறியது. 1941-இல் பட்டன் ஆறாயிற்று. 1942-இல் பை மடிப்பு போனது, 1943-இல் பை மூடியின் வளைவும் போய் நேர்வெட்டானது. 1944-இல் கோட்டே இடுப்போடு நின்றுவிட்டது. கீழ்ப் பைகளே இல்லை, நிறமும் பழுப்பேறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் துணியும் தையல்காரரின் நேரமும் மிச்சம்.

கையால் தொட்டாலும் வித்தியாசம் தெரியும். முதல் வருடங்களின் கம்பளி தடிப்பாக, நெருக்கமாக இருக்கும். போகப் போக மரக்கூழிலிருந்து எடுத்த செயற்கை நாரைக் கூடுதலாகக் கலந்தார்கள். 1944 கோட்டைப் பிடித்துப் பார்த்தால் சொரசொரப்பும் தளர்ச்சியும் விரலுக்கே தெரியும். ஜெர்மனி எவ்வளவு வறண்டு போயிருந்தது என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தத் துணிதான்.

ஒரு எச்சரிக்கை: பழைய கோட்டில் புதுக் காலரை மாற்றி 1936 மாதிரியாக்கி விற்பார்கள். காலரின் அடித்தையலைப் பாருங்கள்.

ஈரோடு: தோள்பட்டியில் இளஞ்சிவப்பு ஓரம் இருக்கிறது. பெண்கள் பிரிவா?

இல்லை, டாங்கிப் படை. காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு, பொறியாளர்களுக்குக் கறுப்பு, மலைப்படைக்கு வெளிர்பச்சை. டாங்கிப் படைச் சின்னங்களுக்கு விலை அதிகம் என்பதால் போலிகளும் அதிகம்.

சென்னை: சார், படம் அனுப்பியிருக்கிறேன். அசலா?

முன்பக்கப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. உள்துணி, முத்திரை, சின்னத்தின் பின்பக்கத் தையல் மூன்றையும் அனுப்புங்கள்.

மதுரை: இந்த உடுப்புகளை வடிவமைத்தது ஹ்யூகோ பாஸ்தானே?

இல்லை. கறுப்பு எஸ்.எஸ். உடுப்பை வடிவமைத்தவர்கள் கார்ல் டீபிட்ஷும் வால்டர் ஹெக்கும். தையல் நிறுவன முதலாளி ஹ்யூகோ பாஸ் 1931-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அவருடைய நிறுவனம் உடுப்பு தைத்துக் கொடுத்த பலவற்றில் ஒன்று. போரின்போது அங்கே கட்டாய வேலை செய்தவர்கள் சுமார் 140 பேர், பெரும்பாலும் பெண்கள். பிரெஞ்சுப் போர்க்கைதிகள் 40 பேரும் இருந்தார்கள். நிறுவனம் 2011-இல் வருத்தம் தெரிவித்தது.

மதுரை: வரைந்தால் என்ன, தைத்தால் என்ன? குற்றம் ஒன்றுதானே?
சிங்கப்பூர்: அப்படியானால் இதை வீட்டில் வைப்பதே பாவம். எரித்துவிட வேண்டியதுதானே?

மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும், இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். போலந்தில் வூட்ச் என்ற நெசவு நகரம். ஜெர்மானியர் அதைப் பிடித்து, 1940-இல் அங்கே 1,60,000 யூதர்களை ஒரு கெட்டோவுக்குள், அதாவது வெளியேற முடியாதபடி அடைத்த குடியிருப்புக்குள், அடைத்தார்கள். உள்ளே தையற்கூடங்கள். பட்டினியோடு உட்கார்ந்து அவர்கள் தைத்தது ஜெர்மன் ராணுவத்துக்கான உடுப்பு. வேலை செய்தால் உயிர் தப்பலாம் என்று நம்பினார்கள். 1944 ஆகஸ்டில் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமிலும் எஸ்.எஸ். நடத்திய தையற்கூடம் இருந்தது. அங்கே தைத்தவர்கள் கைதிப் பெண்கள்.

உங்கள் கையிலிருக்கும் கோட்டை யார் தைத்தார்கள் என்று முத்திரை சொல்லாது. அவர்களில் ஒருவராக இருக்கலாம். அதை எரித்தால் போட்டவனுடைய அடையாளம் மட்டுமா போகும்? தைத்தவளின் கைவேலையும் போய்விடும். இதனால்தான் நான் ஓயாமல் சொல்கிறேன்: எதையும் தைக்காதீர்கள், எதையும் பிரிக்காதீர்கள்.

சிங்கப்பூர்: பெருமைக்காகச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள் அம்மா. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, விற்பதும் இல்லை. உங்கள் கோபம் நியாயமானது.

திருச்சி: கல்லூரி விழாவில் போட ஒரு கோட்டு கிடைக்குமா?

கிடைக்காது. போடாதீர்கள்.

சேலம்: படம் இணைத்துள்ளேன், அசலா?

மேலே சென்னைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

யாழ்ப்பாணம்: என்னிடம் உள்ள சட்டைக் கோட்டில் கழுகு இல்லை. கழுகு மட்டும் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். தைத்துவிடலாமா?

கூடவே கூடாது. போர் முடிந்ததும் ஜெர்மனியில் உடுத்த வேறு துணி இல்லை. கழுகைப் பிரித்து, சாயம் ஏற்றி, அதே கோட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. பழுப்புச் சாயம், மார்பில் சின்னச் சின்ன ஊசித் துளைகள், தேய்ந்த முழங்கைக்கு வேறு துணியில் ஒட்டு. யாரோ 1945, 46 குளிர்காலங்களை அதற்குள் கழித்திருக்கிறார்கள். அதன்மேல் நீங்கள் ஒரு கழுகைத் தைத்தால் அந்தக் குளிர்காலங்கள் அழிந்துவிடும்.

தனியாக வாங்கிய கழுகையும் சோதியுங்கள். ஓரத்தில் பிரிந்திருக்கும் ஒரு நூலைக் கொளுத்தினால் துளியாக உருகி உறைகிறதா? பாலியெஸ்டராக இருக்கலாம். அது இங்கிலாந்தில் 1941-இல் கண்டுபிடிக்கப்பட்டது, சந்தைக்கு வந்தது போருக்குப் பிறகு. யூ.வி. டார்ச்சில் ஒளிர்வதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்றைய சோப்புத் தூளில் துவைத்த அசல் துணியும் ஒளிரும்.

ஸ்டுட்கார்ட்: ஜெர்மனியில் வைத்திருந்தால் சட்டச் சிக்கல் வருமா?

வீட்டுக்குள் வைத்திருப்பது குற்றமல்ல. ஸ்வஸ்திகாவைப் பொது இடத்தில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி குற்றம். ஆய்வு, கல்வி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அங்குள்ள ஏல அட்டவணைகளில் சின்னத்தை மறைத்தே அச்சிடுகிறார்கள். உங்கள் விஷயத்துக்கு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

சென்னை: தாத்தா வைத்திருந்த நங்கூரப் பட்டன், எம்டன் கப்பல் மாலுமியுடையது என்கிறார்கள்.

அது முதல் உலகப் போர்க் கதை. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போய்விட்டது. யாரும் கரையில் இறங்கவில்லை. நங்கூரத்தின் மேல் கிரீடம் இருந்தால் ஜெர்மன் பேரரசர் கைசர் காலத்துக் கடற்படை என்று யோசிக்கலாம். ஆனால் கிரீடமும் நங்கூரமும் பிரிட்டிஷ் கடற்படைப் பட்டனிலும் உண்டு, சென்னையில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான்.

நாகர்கோவில்: இரும்புச் சிலுவைப் பதக்கம் என்ன விலை போகும்?

பதக்கம் என் துறை இல்லை. விலை நான் சொல்வதுமில்லை.

கரூர்: படம்…

உள்துணி.

சென்னை: நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அந்துப்பூச்சியிடமிருந்து எப்படிக் காப்பது?

கோட்டைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் கழித்தல் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே வைத்து, சாதாரண சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். அந்துருண்டை துணியில் நேராகப் படக் கூடாது. கம்பி ஹேங்கரில் மாட்டினால் தோள் இறங்கிவிடும், பஞ்சு சுற்றிய அகலமான ஹேங்கர் வேண்டும். டிரைகிளீனிங் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மாதம் ஒருமுறை எடுத்துக் காலரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், அதுபோன்ற மறைவான இடங்களில் பூச்சி முட்டை வைக்கும்.