முடிவே சொல்லாத பிளேட்டோவின் உரையாடல்களைப் படித்து என்ன பயன்?

கேள்வி இதுதான்: "சாக்ரடீஸ் எல்லோரையும் குடைந்து குடைந்து கேட்கிறார். கடைசியில் 'எனக்கும் தெரியாது' என்று எழுந்து போய்விடுகிறார். 2400 வருடம் கழித்து இதை ஏன் படிக்க வேண்டும்? படித்தே ஆக வேண்டும் என்றால் எதில் தொடங்குவது?"

நீங்கள் கல்லூரி மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிளேட்டோவின் கருத்துகளை விளக்குக என்று ஒரு வினாவுக்கு விடை தேடிப் போயிருப்பீர்கள். கிடைத்தது, பிளேட்டோ தம் குரு சாக்ரடீஸை நடுவில் வைத்து எழுதிய, நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் ஒரு காட்சி. எரிச்சல் வருவது நியாயம். எனக்கும் முதல் தடவை வந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தத்துவம் படித்தவள் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். கிரேக்க மொழி தெரியாது, ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். ஆகவே பேராசிரியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் 'முடிவு இல்லாததால் பயன் இல்லை' என்று ஒருவர் சொல்லும்போது என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எல்லா உரையாடல்களும் முடிவில்லாமல் போவதில்லை. 'குடியரசு' பத்துப் புத்தகம் நீளம், அதில் பிளேட்டோ ஒரு நாட்டையே கட்டி எழுப்புகிறார். 'கோர்கியாஸ்' உரையாடலில், அநியாயம் செய்வதைவிட அதை அனுபவிப்பதே மேல் என்று சாக்ரடீஸ் அடித்துச் சொல்கிறார். நீங்கள் சொல்லும் குறை 'யூத்திஃப்ரோ', 'லாக்கஸ்' மாதிரியான சின்ன உரையாடல்களுக்குத்தான் பொருந்தும். 'மேனோ'வையும் அதில் சேர்க்கலாம், நற்குணம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அதிலும் கடைசிவரை விடை வராது. நான் பேசப்போவது அதைப் பற்றி.

மேனோ தெசலி நாட்டுப் பணக்கார வாலிபன். நற்குணத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு வருகிறான். அது என்னவென்றே எனக்குத் தெரியாது, நீ சொல்லேன் என்கிறார் சாக்ரடீஸ். அவனும் சொல்கிறான். ஒவ்வொரு விடையும் உடைந்துபோகிறது. அப்போது அவனுக்குக் கோபம் வருகிறது. தொட்டால் மரத்துப்போக வைக்கும் திருக்கை மீன் மாதிரி இருக்கிறீர்கள் என்கிறான். வேறு ஊரில் போய் இப்படிச் செய்தால் சூனியக்காரன் என்று பிடித்துப் போடுவார்கள் என்கிறான்.

அதற்கப்புறம் வருவதுதான் என் இடம். உன் ஆட்களில் ஒருவனைக் கூப்பிடு என்கிறார் சாக்ரடீஸ். ஒரு பையன் வருகிறான். அவன் அடிமை. அவனைப் பற்றி அவர் மேனோவிடம் கேட்பது ஒன்றே ஒன்று: கிரேக்கனா, கிரேக்கம் பேசுவானா? ஆமாம், என் வீட்டிலேயே பிறந்தவன் என்கிறான் மேனோ. அந்தப் பையனுடைய பெயரைக் கடைசிவரை யாரும் சொல்வதில்லை.

சாக்ரடீஸ் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சதுரம் போடுகிறார். பரப்பு நான்கு. இதைப்போல இரண்டு மடங்கு, அதாவது எட்டு வர வேண்டுமானால் பக்கம் எவ்வளவு? பையன் யோசிக்காமல் இரண்டு மடங்கு, நாலடி என்கிறான். போட்டுப் பார்த்தால் பதினாறு வந்து நிற்கிறது. சரி, இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் என்று மூன்று சொல்கிறான். அது ஒன்பது. அப்போது அவன், சத்தியமாக எனக்குத் தெரியவில்லை, சாக்ரடீஸ் என்கிறான்.

இந்த இடத்தில்தான் சாக்ரடீஸ் மேனோவின் பக்கம் திரும்புகிறார். பார், இவனுக்கு முதலிலும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் முன்னால் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது நினைக்கவில்லை. இவனை மரத்துப்போக வைத்ததால் இவனுக்கு ஏதாவது கெடுதல் செய்துவிட்டோமா? இல்லை என்று மேனோவே ஒத்துக்கொள்கிறான்.

இந்த உரையாடல்களில் திகைத்து நிற்கும் ஆட்களை மட்டும் வரிசையாக எடுத்துப் பாருங்கள். யூத்திஃப்ரோ சொந்த அப்பா மேலேயே கொலை வழக்குப் போட வந்தவர். பக்தி என்றால் என்ன என்று தனக்கு அத்துப்படி என்றவர், கடைசியில் இன்னொரு நாள் பார்ப்போம், அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறார். மேனோ கோபப்படுகிறான். அதே உரையாடலில் நடுவில் வரும் அனிட்டஸ், ஊராரைச் சுலபமாகக் குறை பேசுகிறீர், ஜாக்கிரதை என்று மிரட்டிவிட்டுப் போகிறார். கி.மு. 399இல் சாக்ரடீஸ் மேல் குற்றம் சாட்டிய மூன்று பேரில் அந்த அனிட்டஸும் ஒருவர். இத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவில், தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னவன் அந்தப் பெயரில்லாத பையன் ஒருவன்தான். பிளேட்டோ இதைத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

இனி என் கதை.

சில வருடங்களுக்கு முன்பு எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக்குக் கவர் ஒட்டுவது வீட்டு வேலை, அவன் வீட்டிலும் அதுதான். பள்ளிக்கூடத்தில் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று ஒரு பட்டியல் போடுவோம். அதில் அவன் பெயர் எப்போதும் இருக்கும். போட்டவர்களில் நானும் ஒருத்தி.

அந்த வாரம்தான் மேனோவைப் படித்து முடித்திருந்தேன். சதுரத்தைக் கரும்பலகையில் போட்டுவிட்டு அவனை எழுப்பினேன். அப்படியே அச்சு அசலாக நடந்தது. "நாலு டீச்சர்" என்றான். போட்டுக் காட்டினேன். "அப்ப மூணு டீச்சர்." கட்டம் போட்டு எண்ணச் சொன்னேன். ஒன்பது வரை எண்ணிவிட்டுச் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். "தெரியல டீச்சர்." வகுப்பு சிரித்தது. மணி அடித்துவிட்டது. விடையைச் சொல்லாமலே வந்துவிட்டேன். வேண்டுமென்று அல்ல, நேரம் இல்லை.

மறுநாள் காலை ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றான். கையில் நியூஸ் பேப்பரைச் சதுரமாக வெட்டிய இரண்டு தாள், இரண்டும் ஒரே அளவு. ஒன்றை மேஜையில் விரித்து வைத்தான். இன்னொன்றின் நாலு மூலையையும் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து மடித்தான், கவர் மடிப்பது மாதிரியே. நகத்தால் நாலு ஓரத்தையும் அழுத்தினான். "இது அதுல பாதி டீச்சர்" என்றான்.

"எப்படிடா சொல்ற?"

"எங்க தொட்டாலும் ரெண்டு அடுக்கு டீச்சர். ஒரு இடத்துல ஒத்த அடுக்கு இல்ல, ஒரு இடத்துல மூணு இல்ல. அப்ப பாதிதான?"

பிறகு மடித்ததை விரித்து, "அப்ப இது டபுள்" என்றான்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். திரும்ப மடிக்கச் சொன்னேன். "சின்னச் சதுரத்துல எந்தக் கோடுடா பெரிசோட பக்கம்?" என்று கேட்டேன். மடித்த தாளை எடுத்து விரித்த தாளின் ஓரத்தில் வைத்துப் பார்த்தான். பக்கம் பொருந்தவில்லை. கொஞ்சம் திருப்பினான். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை சரியாகப் பொருந்தி நின்றது. அந்தக் கோட்டுக்குப் பெயர் அவனுக்கு ஞாபகம் இல்லை. மூலைவிட்டம் என்று நான் சொன்னேன். மேனோவிலும் பையன் கோட்டைக் காட்டிய பிறகுதான், படித்தவர்கள் இதை மூலைவிட்டம் என்பார்கள் என்று சாக்ரடீஸ் பெயரைச் சொல்கிறார். அன்றைக்கு அது நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது.

இங்கே சிலர் கேட்பார்கள் என்று தெரியும்: சாக்ரடீஸ் கேட்டதெல்லாம் விடையை உள்ளே வைத்த கேள்விகள்தானே, அந்தப் பையன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான், அவ்வளவுதானே? பின்பாதிக்கு அது உண்மை, மூலைவிட்டத்தைப் போட்டுக் காட்டியவர் சாக்ரடீஸ்தான். இதை வைத்து, ஆன்மா முன்பே கற்றதைத்தான் நினைவுகூர்கிறது என்று அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் முன்பாதியில் வந்த இரண்டு தப்பும் பையனுடைய சொந்தத் தப்பு. தலையாட்டுகிறவனுக்கு அப்படித் தப்பு வராது. சாக்ரடீஸுமே கடைசியில், மற்றதெல்லாம் எனக்கு அவ்வளவு உறுதியில்லை, ஆனால் தெரியாததைத் தேட வேண்டும் என்று நம்பினால் சோம்பல் குறையும், துணிவு கூடும், இதற்காக மட்டும் சொல்லாலும் செயலாலும் போராடுவேன் என்கிறார். அந்த ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன்.

நான் விடையைச் சொல்லியிருந்தால் அந்தத் தாள் வந்திருக்காது. 'முடிவு சொல்லாமல் போகிறார்' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த இரண்டு சதுரத் தாள்தான்.

அந்த மாதமே ஆய்வுக்கு வந்த அதிகாரி என் பாடக் குறிப்பைப் பார்த்துவிட்டு, ஒரு சதுரத்துக்கு இரண்டு பீரியடா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தாளைக் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் கைவேலை. போர்ஷன் எங்கே?" என்றார். மெல்லக் கற்போர் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுக்க வேண்டும் என்றேன். மார்க் வரட்டும், பார்க்கலாம் என்றார். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளையை ஒரு பட்டியலில் தள்ளுகிறோம். கைடில் இருப்பதை ஒப்பிக்கிற பிள்ளையை முதல் பெஞ்சில் உட்கார வைக்கிறோம்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். வாட்ஸாப்பில் சாக்ரடீஸ் பெயரில் சுற்றுவதில் பெரும்பகுதி அவருடையது இல்லை. கேட்ட செய்தி உண்மையா, நல்லதா, பயனுள்ளதா என்று சலித்துப் பார்க்கச் சொல்லும் 'மூன்று சல்லடை' கதை பிளேட்டோவின் எந்த உரையாடலிலும் கிடையாது. இக்கால இளைஞர்கள் சொகுசு விரும்பிகள், பெரியவர்களை மதிப்பதில்லை என்ற புலம்பல், பழங்காலத்துக் குறைகளைத் தொகுத்து ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் எழுதி 1907இல் அச்சான வரிகள். இளைஞர்களைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டில் செத்துப்போன மனிதர் வாயில் இளைஞர்களைத் திட்டும் வசனத்தை வைப்பது எனக்கு வலிக்கிறது.

தமிழில் சாக்ரடீஸ் என்றதும் பலருக்குச் சிவாஜி நடித்த நாடகக் காட்சிதான் கண்ணில் நிற்கும். எனக்கும் அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும், அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பிளேட்டோவின் சாக்ரடீஸ் வழக்குமன்றத்தில் எடுத்த எடுப்பிலேயே, எனக்கு மேடைப்பேச்சு வராது, கடைத்தெருவில் காசுக்கடை ஓரத்தில் பேசுகிற மாதிரிதான் பேசுவேன் என்கிறார். தீர்ப்புச் சொன்ன நடுவர்களின் ஓட்டில் முப்பது மாறி விழுந்திருந்தால் அவர் தப்பியிருப்பார். அந்த எண்ணிக்கையை அவரே சொல்கிறார்.

இதெல்லாம் நம்மிடம் இல்லாததா என்று யாராவது எழுதுவார்கள். இருக்கிறது. 'நீலகேசி' என்ற சமணக் காப்பியத்தில் நாயகி நீலகேசி ஊர் ஊராகப் போய் வாதம் செய்வதைப் படித்துப் பாருங்கள், அத்தனை கூர்மை. ஆனால் அங்கே ஒரு பக்கம் ஜெயிக்கும், மறுபக்கம் தோற்கும். மேனோவில் அப்படி ஜெயித்தவர் என்று யாரும் இல்லை. இரண்டும் எனக்கு வேண்டும்.

பயன் என்று கேட்டதால் இதையும் சொல்கிறேன். காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, 1908இல், சாக்ரடீஸின் வழக்குரையைக் குஜராத்தியில் சுருக்கித் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் தொடராக வெளியிட்டார். சத்திய வீரனின் கதை என்பது தலைப்பு. அதன் குஜராத்திப் பிரசுரத்தை 1910இல் பம்பாய் அரசு தடை செய்தது. செத்து 2300 வருடம் ஆன ஒருவரின் பேச்சுக்கு ஓர் அரசு பயந்திருக்கிறது.

எதில் தொடங்குவது? பலர் 'குடியரசு' என்பார்கள். தமிழில் வெ. சாமிநாத சர்மா 'பிளேட்டோவின் அரசியல்' என்று தந்திருக்கிறார், நூலகங்களில் தேடுங்கள். ஆனால் அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மேனோ. ஓரத்தில் சின்னதாக எண்கள் இருக்கும், 1578இல் ஜெனீவாவில் அச்சான பதிப்பின் பக்க எண்கள் அவை, எந்த மொழிபெயர்ப்பிலும் மாறாது. 82இல் பையன் வருவான், 85இல் போய்விடுவான். அந்த நாலு பக்கத்தை மட்டும் ஒரு நாள் படியுங்கள். பக்கத்தில் பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் இருக்கட்டும். ஏனென்றால் சாக்ரடீஸ் 'இந்தக் கோடு', 'இதோ இது' என்று காட்டிக்கொண்டே போவார், உரையாடலில் பேச்சு மட்டும்தான் இருக்கும். கோட்டை நீங்கள்தான் போட வேண்டும்.