உருளைக்கிழங்குப் பூங்காவில் ஒரு பருவம்: கேள்வியும் பதிலும்

பெரு நாட்டின் கூஸ்கோ வட்டாரத்தில், பீசாக் என்னும் சிற்றூருக்கு மேலே உள்ள மலைகளில், சகாகா, அமாரு, பாரு பாரு உள்ளிட்ட, கெச்சுவா மொழி பேசும் ஊர்கள் சுமார் 9,000 ஹெக்டேர் நிலத்தை ‘உருளைக்கிழங்குப் பூங்கா’ என்ற பெயரில் கூட்டாகப் பராமரிக்கின்றன. முதுநிலை வேளாண் மாணவனாக இருந்தபோது, ஏப்ரல் முதல் ஜூலை வரை அங்கே ஒரு குடும்பத்துடன் தங்கியிருந்தேன். அந்த நாட்களைப் பற்றியும், அங்கே நடப்பது இயற்கை வேளாண்மை என்று நான் எழுதியதைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

கோவை மாணவி: அடுத்த ஆண்டு செல்ல விரும்புகிறேன். எப்படித் தயாராக வேண்டும்?

கூஸ்கோ நகரமே சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வயல்கள் 4,000 மீட்டரையும் தாண்டி ஏறுகின்றன. வந்து இறங்கிய மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நான், தலைவலியும் வாந்தியுமாக இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். கூஸ்கோவைவிடத் தாழ்வான பீசாக்கில் சில நாள் ஓய்வெடுத்துவிட்டு மேலே செல்லுங்கள். ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டு போனால் இளையவர்களுடன் பேசலாம். பாட்டிமார்களிடம் பேசக் கெச்சுவாதான் வேண்டும். திரும்பும்போது விதைக்கிழங்கோ கோக்கா இலையோ பையில் இருக்கக் கூடாது. அங்கே தேநீராகக் குடிக்கும் கோக்கா இலை, இங்கே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது.

சேலம் வாசகர்: விசா நடைமுறை என்ன?

புதுதில்லியில் உள்ள பெரு தூதரகத்தைக் கேளுங்கள்.

திருச்சி மாணவர்: உங்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்?

முதல் நாள் ஒரு கூடை கிழங்கைத் தோலுரிக்கக் கொடுத்தார்கள். அன்னாசிப் பழம்போல் மேடும் பள்ளமுமாக இருந்த அந்த வகைக்கு ‘மருமகளை அழவைப்பது’ என்று பெயர்; பெண்ணின் கைத்திறத்தை மாமியார் இதைக் கொடுத்துத்தான் சோதிப்பாராம். நான் உரித்து முடித்தபோது தோலோடு பாதிக் கிழங்கும் போயிருந்தது. வீட்டுக்கார அம்மாள் ஒன்றும் சொல்லாமல் அதைச் சூப்பில் போட்டார். பிறகு அறுவடைக்கும், ஜூன் மாதத்தில் சுன்யோ என்னும் உலர்கிழங்கு செய்யவும் அழைத்துச் சென்றார்கள்.

சுன்யோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உறைபனியைத் தாங்கும் சில உயர்மலை வகைகளில் கசப்பு நச்சு மிகுந்திருப்பதால், அவற்றை வேகவைத்து மட்டும் உண்ண முடியாது. அந்தக் கிழங்குகளை மலைப்புல்லின் மேல் பரப்பி, இரவின் பனியில் உறையவும் பகல் வெயிலில் இளகவும் சில நாள் விட்டுவிட்டு, வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து உலர்த்துகிறார்கள். வெள்ளைச் சுன்யோ வேண்டுமானால், உறைந்த கிழங்கை ஓடும் நீரில் சில வாரங்கள் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். காய்ந்த கிழங்கு எடையற்று, கூழாங்கல்லைப்போல் உருளும், ஆண்டுக்கணக்கில் கெடாது. மிதித்த முதல் நாள், பனிக்கூழில் என் பாதம் மரத்துப்போனது. என் அருகே மிதித்துக்கொண்டிருந்த எழுபது வயதுக்காரர் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

மதுரை வாசகர்: சான்றிதழ் பெறாத விளைச்சலை இயற்கை வேளாண்மை என்று எப்படி அழைக்கலாம்?

சான்றிதழ் விற்பனைக்கு உரியது. இவர்களோ விளைச்சலில் பெரும்பங்கைத் தாங்களே உண்டு, ஒரு பங்கைத் தாழ்நில மக்களின் மக்காச்சோளத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஆட்டுச் சாணமும், லாமா என்னும் மலைச் சுமை விலங்கின் சாணமும் இடுவதை நான் பார்த்தேன். அந்த வயல்களில் உர மூட்டையைப் பார்க்கவில்லை.

கோத்தகிரி விவசாயி: உர மூட்டை இல்லாமல் அங்கே விளைகிறது என்று எழுதுவது எளிது. ஒன்றரை ஏக்கரில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று போகமும் பார்த்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரியும். எங்களுக்கும் அதையே சொல்ல வருகிறீர்களா?

இல்லை, ஐயா. அங்கே உரத்தின் இடத்தில் இருப்பது தரிசு. ஊரின் மேட்டு நிலம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; இந்த ஆண்டு எந்தப் பகுதியில் உருளை நடுவது என்பதை ஊர் முடிவு செய்கிறது, தனி வீடு அல்ல. உருளைக்குப் பின் ஓக்கா, ஒயூக்கோ போன்ற வேறு கிழங்குகள், அதன் பின் பார்லியோ மொச்சையோ, பிறகு சில ஆண்டுகள் ஆடும் லாமாவும் மேயும் வெற்று நிலம். நம் ஊரில் கிடை போடுவதைப் போன்றதுதான். ஆனால் ஓரிரு இரவு அல்ல, ஆண்டுக்கணக்கில். அத்தகைய நிலம் உங்கள் ஒன்றரை ஏக்கரில் கிடையாது என்பதை நான் அறிவேன். விளைச்சலும் அங்கே குறைவு; அதை மறைக்கவில்லை.

கோத்தகிரி விவசாயி: அப்படியானால் அங்கே நான்கு மாதம் கற்றது எங்களுக்கு எதற்குப் பயன்படும்?

நியாயமான கேள்வி. உங்கள் மலையின் பழைய பகையான, உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை எடுத்துக்கொள்வோம். நீலகிரியில் அது 1961-இல் கண்டறியப்பட்டது. அதன் பிறப்பிடம் ஆண்டீஸ் மலைகள். புழு பிறந்த மண்ணிலேயே உருளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளைவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, ஒரே நிலத்துக்கு உருளை திரும்ப வரும் இடைவெளி. வேர் கிடைக்காத புழு குஞ்சு பொரித்துப் பட்டினியில் மடிகிறது. பொரிக்காத முட்டைக்கூடுகள் இருபது ஆண்டு வரைகூட மண்ணில் காத்திருக்கும் என்பதால் முற்றிலும் ஒழிவதில்லை, எண்ணிக்கை குறைகிறது. ஆகவே பக்கத்து நிலத்துக்காரர்களுடன் பேசி, உருளையை அடுத்தடுத்த போகங்களில் வைக்காமல் பூண்டு, கேரட், முட்டைக்கோஸ் என்று இடைவெளி விடுவதை ஒரு சரிவு முழுவதும் சேர்ந்து செய்ய முடியுமா என்று பாருங்கள். எதிர்ப்புத்திறன் கொண்ட குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்களும் உள்ளன.

கோத்தகிரி விவசாயி: சரிவு முழுவதும் ஒத்துக்கொள்ள வைப்பது யார்? சந்தையில் உருளை விலை ஏறினால் எல்லோரும் உருளைதான் நடுவார்கள்.

உண்மை. அங்கேயும் இளைஞர்கள் கூஸ்கோவுக்கு வேலைக்குப் போகிறார்கள்; ஊர்க்கூட்டத்தில் சண்டை நடந்ததை நானே பார்த்தேன். கட்டுப்பாடு நிற்பதற்குக் காரணம் மேட்டு நிலம் பொதுவில் இருப்பது. பட்டா நிலத்தில் அதை அப்படியே கொண்டுவர முடியாது என்ற இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன்.

ஊட்டி வாசகர்: அந்தப் பாரம்பரிய ரகங்களில் சில கிழங்குகளைக் கொண்டுவந்து இங்கே நட்டால் என்ன?

மேலே நூற்புழு பற்றி எழுதியதைத் தயவுசெய்து ஒரு முறை படியுங்கள். மண் ஒட்டிய ஒரு கிழங்கே புழுவையும் நச்சுயிரியையும் கொண்டுவரப் போதும். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவருவது குற்றம். ஆய்வுக்காக வேண்டுமென்றால் தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தின் வழியாகத்தான் வர வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்த ஊர்கள் லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்துடன் 2004-இல் ஒப்பந்தம் செய்து, முன்பு தங்கள் மலைகளிலிருந்து சேகரிக்கப்பட்டுப் போன வகைகளில் 410-ஐ, நச்சுயிரி நீக்கப்பட்ட நிலையில் திரும்பப் பெற்றன. அவ்வளவு பாடுபட்டு மீட்டவர்களின் வீட்டில் தங்கிவிட்டு, கிழங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவது அழகல்ல.

சென்னை வாசகர்: சைவ உணவு கிடைக்குமா?

கிழங்கு, கினோவா என்னும் தானியம், மொச்சை, பாலாடைக்கட்டி கிடைக்கும். விருந்தில் கினிப் பன்றி என்னும் எலி இனச் சிறு விலங்கின் இறைச்சி வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் வருந்த மாட்டார்கள்.

தஞ்சை வாசகர்: கெச்சுவாவும் தமிழும் உறவுமொழிகள் என்கிறார்களே?

இரண்டும் சொல்லோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் ஒட்டுநிலை மொழிகள்; கெச்சுவாவில் ‘வாசி’ என்றால் வீடு, ‘வாசிய்குனாபி’ என்றால் என் வீடுகளில். இலக்கணம் பிடிபட அது எனக்கு உதவியது. உறவுக்கு அது சான்று ஆகாது.

ஈரோடு மாணவர்: காலநிலை மாற்றம் அங்கே தெரிகிறதா?

தெரிகிறது. தங்கள் இளமையில் உருளை நட்ட இடங்களில் இப்போது பூச்சியும் கருகல் நோயும் மிகுந்துவிட்டதால், பெரியவர்கள் மேலே மேலே ஏறி நடுகிறார்கள். மலைக்கு ஓர் உச்சி உண்டு என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேசவில்லை.

உடுமலை வாசகர்: ஒரே ஒரு கிழங்கு, அதுவும் நன்றாகக் கழுவிக் கொண்டுவந்தால்?

கூடாது.